தட்டிய விரல்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஊசி மருந்து தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் மகாவைப் பிடிக்கும் என்று சொல்ல ஒருவரும் கிடையாது. கேன்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால், எதிரே இருப்பவர்கள் மிச்சச் சோற்றை நாலு வாயில் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மகா அதைக் கவனிப்பாள். கவனித்துவிட்டு, காலியான இடத்தில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்வாள்.

அவளுடைய வேலையே கவனிப்பதுதான். இருபத்திரண்டு வருஷமாக, மூன்றாம் மேசை. தலைக்கு மேல் டியூப் லைட், எதிரே பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. மருந்து அடைத்து மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பிகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றி, கறுப்புக்கு முன்னால் ஐந்து எண்ணும்வரை, வெள்ளைக்கு முன்னால் ஐந்து எண்ணும்வரை பார்க்க வேண்டும். கண்ணாடித் துகள் மினுக்கிக்கொண்டே கீழே இறங்கும். பஞ்சு நூல் சோம்பலாக மிதக்கும். காற்றுக் குமிழி மேலே போய்விடும்; அது குற்றமில்லை. ஆனால் சில குமிழிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு துகள் மாதிரியே மினுக்கும். அதற்கு ஒரு தட்டு உண்டு. நடுவிரலால் ஒரே தட்டு. குமிழி என்றால் பிடியை விட்டு மேலே ஓடும். துகள் என்றால் ஓடாது. ஓடாதது சிவப்புத் தட்டுக்குப் போகும்.

மகாவின் சிவப்புத் தட்டு மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு நிறையும். அந்த ஹாலின் சூப்பர்வைசர் சுஹாஸ், ஹாசனிலிருந்து வந்த கன்னடக்காரன், அவளைவிட இருபது வயது சின்னவன், வாரத்துக்கு ஒருமுறையாவது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"மஹா மேடம், இது கண்ணா, மைக்ராஸ்கோப்பா? தினம் மேனேஜர் என்னைத்தான் பைறாரு."

"திட்டு நீ வாங்கு. ஊசி போட்டுக்கறவன் சாவறதுக்கு நீ வாங்கறது மேல்."

ஐந்தாம் மேசை ராதா அவளோடு பேசி ஒன்பது வருஷமாகிறது. ராதா 'சரி' என்று விட்ட ஒரு தட்டை மகா எடுத்து மறுபடி பார்த்ததில், ஒரு குப்பிக்குள் தலைமுடி கிடந்தது. அந்த நாளின் குப்பிகள் மொத்தமும் திரும்பி வந்தன. இரண்டு ஷிப்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார்கள். அந்த ஞாயிறுதான் ராதாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அது மகாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். முடி முடிதானே.

வீடு தொம்மலூரில், ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பழைய ஊருக்குள், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய சந்தில். கிருஷ்ணப்பா என்று ஒரு லாரி டிரைவரோடு கல்யாணம் நடந்து, பதினாலு மாசம் நீடித்தது. சட்டையில் வேறு வீட்டு சோப்பு வாசம் அடிக்கிறதே என்று ஒரு நாள் கேட்டாள். அவன் மறுக்கக்கூட இல்லை. ஓசூருக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு மாடியில் அவளும், கீழ்வீட்டில் தம்பி இளங்கோவன் குடும்பமும். தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். அவன் தொண்டை இருக்க, ஆட்டோவுக்கு ஹாரன் தேவையில்லை என்று சந்தில் சொல்வார்கள்.

போன வருஷம் மகா கம்பெனிக்குள் இரண்டு முறை டிராலியில் இடித்துக்கொண்டாள். இரண்டு முறையும் இடது பக்கம். கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். ஆனால் கண்ணுக்குள் நீரின் அழுத்தம் முப்பத்திநாலு. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம். கிளௌகோமா என்றார்கள். நடுவை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிற நோய். மூன்று வகை சொட்டு மருந்து போட்டும் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் ராகேஷ் இடது கண்ணில் ஆபரேஷன் செய்தார். மேல் இமைக்கு அடியில் சின்னதாக ஒரு வழி வெட்டி, உள்ளே தேங்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்படி வைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பெண் மனப்பாடமாக ஒப்பித்தாள். கண்ணைத் தேய்க்காதீங்க. தலைக்கு ஊத்தாதீங்க. கனம் தூக்காதீங்க. இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தாள். மகா அதில் மூன்று வரி படித்தாள். மிச்சமெல்லாம் டாக்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது என்று மடித்து வைத்துவிட்டாள். நாலாவது வரியில்தான் கண்ணில் எழும் ஒரு குமிழியைப் பற்றி இருந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம் அவள் தன் கண்ணைத் தானே சோதித்தாள். இத்தனை வருஷம் கம்பெனிக்குப் பார்த்தவள், தனக்குப் பார்க்க மாட்டாளா? குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இமையை விரலால் தூக்கி, மோவாயை நிமிர்த்தி, விழியைக் கீழே இறக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாள். வெள்ளைவிழியின் மேல்பக்கம், கறுப்புக்குச் சற்று மேலே, உளுந்து அளவில் ஒன்று மினுக்கியது. தெளிவான, உப்பிய குமிழி.

"பாத்தியா, காத்த உள்ள வுட்டுத் தெச்சிருக்கான்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

இமையை மூடி, நடுவிரல் நுனியால் தட்டினாள். காலையில் பத்து, சாயங்காலம் பத்து. முதலில் அது இன்னும் உப்பியது. கிளம்புகிறது என்று நினைத்தாள். ஒன்பதாம் நாள் பார்த்தபோது இடம் தட்டையாக இருந்தது. குமிழியைக் காணோம். அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் தின்றாள்.

அடுத்த நாளிலிருந்து தலையணையின் இடது பக்கம் நனைய ஆரம்பித்தது. இரண்டு நாள் கழித்து, குளியலறை டைல்ஸுக்கு நடுவே உள்ள கோடுகள் நெளிந்தன. நேரான கோடு எதைப் பார்த்தாலும் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல வளைந்தது. எழுத்துப் பலகையைக் கரைத்துக் குடித்தவளுக்கு இப்போது வலது கண்ணை மூடினால் காலண்டரில் தேதி தெரியவில்லை.

இந்தச் சமயத்தில் சுஹாஸ் போன் செய்தான். "மேடம், இருபத்தெட்டாம் தேதி உங்க ஆறு மாசத்துக்கொரு குப்பி டெஸ்ட். டாக்டர் லெட்டர் கொண்டு வாங்க. இல்லேன்னா மூணாம் டேபிள் ராதாவுக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது, ரூல்ஸ்." பண்ண முடியாது என்பதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த சந்தோஷம் போனைத் தாண்டி வழிந்தது.

மகா கீழே இறங்கிப் போய்த் தம்பியை எழுப்பினாள். "டாக்டரு என் கண்ணக் கெடுத்துட்டான். வா."

இளங்கோவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சட்டையை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் கண் அழுத்தம் பார்க்கும் பெண், கிருத்திகா, மகாவின் கன்னத்தைக் கருவியில் வைக்கச் சொன்னாள். மஞ்சள் சொட்டு ஒன்று விட்டு, நீல வெளிச்சத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பார்த்தாள். கருவியைத் துடைத்து மறுபடி பார்த்தாள். வலது கண்ணைப் பார்த்து, திரும்ப இடதுக்கு வந்தாள்.

"மூணு" என்றாள் மெதுவாக.

"இன்னா மூணு?" என்றான் இளங்கோவன்.

"பிரஷர்ண்ணா. வலது பதினாறு. இடது மூணு."

"முன்ன இருபத்தெட்டு. இப்ப மூணு. சூப்பராத்தானே கொறஞ்சிருக்கு? அப்புறம் ஏன் எங்கக்காவுக்குத் தேதி தெரியல?"

"ரொம்பக் கொறஞ்சாலும் ஆகாதுண்ணா. காத்து போன டியூப் மாதிரி கண்ணு தொளதொளன்னு ஆயிடும்."

"டியூபா? ஆட்டோக்காரன்னா டியூப் கத சொல்வியாம்மா நீ? பெரிய டாக்டரக் கூப்பிடு."

ராகேஷ் வந்தார். வெளிச்சத்தைப் பாய்ச்சி வெகுநேரம் உள்ளே பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் இறுகியிருந்தது.

"உள்ள விழித்திரை சுருங்கிப் போயிருக்கு. கசக்கின துணி மாதிரி மடிப்பு விழுந்திருக்கு. ஒரு மாசத்துல இப்படி நான் பாத்ததில்ல. அடி பட்டுதா?"

"இல்ல" என்றாள் மகா.

"தேய்ச்சீங்களா?"

"இல்ல."

இரண்டும் உண்மை. அவள் பொய் சொல்லும் வகையல்ல. சொல்லத் தெரிந்திருந்தால் கேன்டீனில் நாலு பேராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இளங்கோவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அவ இல்லன்னு சொல்றா இல்ல? உன் தையல் பிஞ்சிருக்கு. ஒத்துக்க. படிச்சவன்னா நாங்க வாய மூடிக்கினு இருப்போமா?"

"குரலைக் கொறைங்க. வெளிய பேஷண்ட்ஸ் இருக்காங்க."

"இருக்கட்டும்! கேக்கட்டும்! நாளைக்கு அவங்க கண்ணுக்கும் இதே கதிதானே!"

கதவருகே செக்யூரிட்டி வந்து நின்றான். ராகேஷ் அவனைக் கையால் நிறுத்திவிட்டு, தம்பியை விட்டு மகாவைப் பார்த்துப் பேசினார். "இங்க பாருங்க. தையல்தான் பிரிஞ்சிருக்குன்னா நாளைக்குக் காலைல திரும்பத் தொறந்து தைக்கணும். ரெண்டாந்தடவை கத்தி வெச்சா, நான் போட்ட வழி மொத்தமா அடைஞ்சும் போகலாம். அப்புறம் மிச்சப் பார்வைக்கு நான் பொறுப்பில்ல. வெளியிலிருந்து ஏதாவது அழுத்தம் பட்டிருந்தா, கத்தி இல்லாமலே ஆற வாய்ப்பிருக்கு. அதுக்குத்தான் கேக்கறேன். உங்களைத் திட்ட இல்ல."

"பேச்ச மாத்தறான் பாத்தியாக்கா? எழுந்திரு. கன்ஸ்யூமர் கோர்ட்டுல பேசிக்கலாம்."

மகா எழவில்லை. அவளுக்கு லெட்டர் வேண்டும். லெட்டர் இல்லாமல் வெளியே போனால் மூன்றாம் மேசை போய்விடும்.

"சாயம் வெச்சுப் பாரும்மா" என்றார் ராகேஷ். கிருத்திகா ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டை ஒன்றை நனைத்து, மகாவின் வெள்ளைவிழியின் மேற்பகுதியில் ஒற்றினாள். அறை விளக்கை அணைத்தார்கள். நீல வெளிச்சம் மட்டும். ராகேஷ் தன் செல்போனைக் கருவியின் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து வீடியோ எடுத்தார். பிறகு போனை மகாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

வலது கண்ணை முன்னால் கொண்டுபோய் அவள் பார்த்தாள். அடர்ந்த ஆரஞ்சுப் பரப்பில், மேலே ஒரு புள்ளியிலிருந்து நூல் போல ஒன்று கிளம்பி, பளீரென்ற பச்சையாகிக் கீழே இழைந்து ஓடியது. நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

சாயத்தோடு அவளுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கம்பெனியில் நீலத் தொட்டி ஒன்று உண்டு. மூடிய குப்பிகளை அதில் முக்கிக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். ரோமம் நுழையும் ஓட்டை இருந்தாலும் உள்ளே மருந்து நீலமாகிவிடும். மேனேஜரோடு சண்டை போட்டிருக்கிறாள், சுஹாஸோடு, யூனியனோடு போட்டிருக்கிறாள். சாயத்தோடு போட்டதில்லை. சாயம் சொன்னால் முடிந்தது.

பச்சை கிளம்பிய அந்தப் புள்ளியைப் பார்த்தாள். இமையை மூடினால் நடுவிரல் எங்கே விழுமோ, சரியாக அந்த இடம்.

"தட்டினேன்" என்றாள்.

"என்ன?"

"தேய்க்கல. தட்டினேன். குமிழி இருந்திச்சு. குமிழின்னா தட்டணும்."

இளங்கோவனின் வாய் திறந்தபடி நின்றது. ராகேஷ் போனைக் கீழே வைத்தார். "எத்தனை தடவை?"

"காலைல பத்து, சாயந்திரம் பத்து. ஒம்போது நாளு. ஒம்போதாம் நாளு போயிடிச்சு."

"போயிடிச்சா? அந்தக் குமிழிதாம்மா ஆபரேஷனே!" இப்போது கத்தியது டாக்டர். "உள்ளேருந்து வர்ற தண்ணி வந்து நிக்கற எடம் அது! அதைப் பண்ணத்தான் நான் உங்க கண்ணு மேல ஒரு மணி நேரம் குனிஞ்சு கெடந்தேன்!"

"சொல்லலியே."

"எழுதிக் குடுத்தோமே!"

"எழுதறது சொல்றதாவுமா?"

கிருத்திகா விளக்கைப் போட்டாள்.

"எங்க கம்பெனில ஓட்டக் குப்பி வந்தா நொறுக்கிடுவோம்" என்றாள் மகா, யாரையும் பார்க்காமல்.

"இங்க நொறுக்கறதில்ல. உங்க அதிர்ஷ்டம்" என்றார் ராகேஷ். அகலமான மெல்லிய லென்ஸ் ஒன்றைக் கட்டுப் போடுகிற மாதிரி அந்தக் கண்ணில் பொருத்தினார். இந்த விரல் அந்தக் கண் பக்கமே போகக் கூடாது, தூக்கத்தில்கூட, என்றார். ஒரு மாசம் லீவு, லெட்டர் கிடையாது.

வெளியே வந்ததும் இளங்கோவன் வெடித்தான். "ஆஸ்பத்திரி பூரா என்னக் கத்த வெச்சிட்டு, கடசீல தட்டினேன்றியே? வாசல்லயே சொல்லித் தொலச்சா இன்னா? பெரிய அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணு!"

"உன்ன யாரு கத்தச் சொன்னது? கூட வான்னுதான் சொன்னேன்."

"ஓகோ. அப்ப பஸ்ல போ."

அவன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மகா ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். சொட்டு விட்ட வலது கண்ணும் மங்கியிருந்ததால், எந்த பஸ் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்க வேண்டியிருந்தது. அது அவளுக்கு ஆபரேஷனைவிட வலித்தது.

பகலில் விரலை அடக்கிவிடலாம். தூங்கும்போது? முதல் நாள் ராத்திரியே விழித்தபோது கை நெற்றிவரை வந்திருந்தது. காலையில் முதல் வேலையாக ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை நடுவிரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றினாள். மடங்காத விரலோடு சோறு தின்றாள், துணி துவைத்தாள். கீழ்வீட்டிலிருந்து ஒருவரும் மேலே வரவில்லை. சாம்பார் மட்டும் படியில் வைக்கப்பட்டிருக்கும். அதுவும் டம்ளர் தரையில் இடிக்கிற சத்தத்தோடு.

நாலாம் வாரம் கிருத்திகா அளந்தாள். ஒன்பது. சாயம் வைத்தாள். ஓடவில்லை. மடிப்புகள் பெரும்பாலும் நீவிவிட்டது போலப் போய்விட்டன என்றார் ராகேஷ். பலகையில் கடைசிக்கு முந்திய வரிவரை படித்தாள். லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நீங்க தையல்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் கத்தி வெச்சிருப்பேன்" என்றார். அது பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. மகா லெட்டரை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் வந்தாள். பிளாஸ்திரியை அன்றைக்குத்தான் பிரித்தாள். விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

மூன்றாம் மேசையில் ராதா உட்கார்ந்திருந்தாள்.

"தேதி தாண்டிடிச்சு, இருந்தாலும் ஒரே சான்ஸ் மேடம்" என்றான் சுஹாஸ். "நூறு குப்பி. குத்தம் உள்ளது ஒண்ணுகூடத் தப்பக் கூடாது. நல்ல குப்பிய சிவப்புல போட்டா ரெண்டு வரைக்கும் ஓகே. மூணுன்னா ஃபெயில். டைம் பாக்கறது ராதா."

வேண்டுமென்றே செய்திருந்தான். ராதா ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

மகா குப்பியின் கழுத்தைப் பிடித்தாள். சுழற்றினாள். கறுப்பு, ஐந்து. வெள்ளை, ஐந்து. பலகையின் நடுக்கோடு இன்னும் லேசாக நெளிந்தது. அதைச் சட்டை செய்யவில்லை. கண்ணாடித் துகள். சிவப்பு. நூல். சிவப்பு. கை பழைய தாளத்துக்கு வந்துவிட்டது. ஹாலில் மற்ற மேசைகளில் சத்தம் குறைந்திருந்தது. எல்லோரும் அவள் தோற்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அது அவளுக்கு நன்றாகவே இருந்தது.

தொண்ணூற்றேழாவது குப்பியில் சுவரோரம் ஒன்று மினுக்கியது. சுழற்றினாள். நகரவில்லை. மறுபடி சுழற்றினாள். ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவிரல் எழுந்தது.

எழுந்த இடத்திலேயே நின்றது. குச்சி இல்லை, பிளாஸ்திரி இல்லை, ஆனால் விரல் மடங்க மறுத்தது. கறுப்புக்கு முன்னால் தெளிவான, உப்பிய, உளுந்தை நூறாக உடைத்த அளவில் ஒரு மினுக்கல். தட்டு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கண்ணுக்குள் எங்கோ பச்சை இழைந்து ஓடியது. ராதாவின் கையில் வாட்ச் டிக்டிக்கென்றது.

மகா குப்பியைச் சிவப்புத் தட்டில் வைத்தாள்.

சுஹாஸ் தாளோடு வந்து சரிபார்த்தான். குற்றமுள்ளவை பதினெட்டு, பதினெட்டையும் பிடித்திருந்தாள். அவன் முகம் சுண்டிப்போனது. நல்லவற்றில் ஒன்று சிவப்பில். இரண்டு. பிறகு அந்தத் தொண்ணூற்றேழாவது குப்பியைத் தூக்கி விளக்கில் பிடித்து, ஆட்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினான். மினுக்கல் பிடியை விட்டு மேலே ஓடிக் காணாமல் போனது.

"குமிழி, மேடம். மூணு." சிரிப்பை அடக்க அவன் பெரிதாக முயலவில்லை. "நாளையிலேருந்து லேபிள் செக்ஷன். அங்க நேரா ஒட்டியிருக்கான்னு பாத்தாப் போதும்."

நேரா! பலகையின் நடுக்கோடு அவளுக்கு இன்னும் நெளிந்துகொண்டுதான் இருந்தது.

உடை மாற்றும் அறையில் அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ராதா வந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில், மகாவின் இடது பக்கமாக நின்றாள்.

"தட்டியிருந்தா போதுமேடி" என்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. "வெரலத் தூக்கினதப் பாத்தேன். ஒரே ஒரு தட்டு. எல்லாரையும் நடுங்க வெச்சவ, ஒரு குமிழிக்குப் பயந்துட்டியா?"

மகா திரும்பினாள். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இடது கண்ணால் மட்டும், ராதாவின் முகத்தை, காதை, தலைக்குல்லாவின் விளிம்பை நிதானமாகப் பார்த்தாள். ஐந்து எண்ணும்வரை பார்த்தாள்.

"என் மேசைல ஒக்கார்றதுக்கு முன்ன அந்தக் குல்லாவ இழுத்து வுடு" என்றாள். "காதுகிட்ட ஒரு முடி தெரியுது."

ராதாவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. முடி இருந்தது.